அப்பாவின் போனில் இருந்த படங்கள்

"உள்ள இருக்கறதெல்லாம் போயிடும், பரவால்லையா டீச்சர்?" என்று திருப்பாதிரிப்புலியூர் போன் கடைக்காரர் கேட்டபோது, பரவாயில்லை என்று நான் ஏன் சொன்னேன்? நான்கு வருடமாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறேன். பதில் தெரியவில்லை. இந்தக் கடிதத்தின் முடிவில் தெரிந்துவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் அப்படி ஒரு கடை இருந்தது, அப்படி ஒருவர் கேட்டார், நான் அப்படிச் சொன்னேன் என்பதே உனக்குத் தெரியாது. அப்பாவின் போன் மழைத் தண்ணீரில் நனைந்து செத்துப்போனதாக உனக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். அந்தப் போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் இருந்த எல்லாவற்றையும் நான்தான் அழிக்கச் சொன்னேன்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் என் நேர்மை அல்ல. போன புதன்கிழமை நீ கூப்பிட்டாய். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு வைக்கும் படையலுக்கு வரும்போது அந்தப் போனை எடுத்துப்போகிறேன் என்றாய். தண்ணீரில் போன போனிலிருந்துகூடப் படங்களை எடுத்துக் கொடுக்கிற இடம் சென்னையில் இருக்கிறதாம், விசாரித்துவிட்டாயாம். உங்கள் கல்யாண வரவேற்பில் போடுவதற்கு நித்யா ஒரு வீடியோ தயார் செய்கிறாள், அதில் அப்பா வர வேண்டும் என்றாய். குறிப்பாக, உன் பட்டமளிப்பு நாளில் சிதம்பரத்தில் அப்பா எடுத்த வீடியோ. அதில் அவர் முகம் இல்லை. போனைப் பிடித்துக்கொண்டு உன் பின்னாலேயே நடந்து, "இங்க பார்ரா, செத்த சிரி, துட்டா கேக்குறேன்" என்று சொல்லும் குரல் மட்டும் இருக்கும். அந்தக் குரல் போதும் என்றாய். நான் "சரிப்பா, எடுத்து வக்கிறேன்" என்றேன். சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கப் போனேன். அடுப்பு எரியவே இல்லை.

நாளை காலை நீ வந்துவிடுவாய். சென்னையில் போனைத் திறந்து பார்க்கிறவர், இதில் தண்ணீர் பட்ட தடமே இல்லையே, யாரோ முழுதாக அழித்திருக்கிறார்களே என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். அதை நீ அவர் வாயால் கேட்கக் கூடாது.

அப்பாவின் வேலை உனக்குத் தெரியும், ஆனால் அவர் போனில் என்ன இருந்தது என்பது தெரியாது. பொதுப்பணித் துறையில் வாய்க்கால் மதகுகளின் நீர்மட்டத்தைப் பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. தினமும் காலையில் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து வண்டியில் மதகு மதகாகப் போய், சுவரில் அடி கணக்கு எழுதியிருக்கும் அளவுகோலைப் படம் எடுத்து அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். ஒரு நாளைக்கு ஆறேழு படம். அந்தப் படங்களுக்கு நடுவில்தான் நாம் இருந்தோம். பத்து அளவுகோல், அதன் பிறகு கொல்லையில் துணி காயப்போடும் நான், மறுபடி பத்து அளவுகோல், அதன் பிறகு விடுமுறைக்கு வந்து தூங்கும் நீ. எதையும் அவர் பிரித்து வைத்ததில்லை. "தேடுறதுக்குள்ள தாவு தீந்துடுது, ஒழுங்கா பிரிச்சி வச்சா என்ன" என்று நான் திட்டுவேன். ரிடையர் ஆனதும் அதுதான் வேலை என்பார்.

அந்தப் போனில் அவர் எடுக்காத படங்களும் இருந்தன. நீ ஒன்பதாவது படிக்கும்போது பெய்த பெருமழையில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது, நினைவிருக்கும். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த எங்கள் கல்யாண ஆல்பம் மூன்று நாள் ஊறிக் கிடந்தது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. நானும் அவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பாதிப் படங்களில் முகம் எதிர்ப்பக்கத்தோடு போய்விட்டது. தேறியவை இருபத்தெட்டு. அவற்றைத் துணிபோல் கொடியில் க்ளிப் மாட்டிக் காயவைத்தார். பல வருடம் கழித்து அவையும் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்தபோது, ஒவ்வொன்றையும் வாசல் வெளிச்சத்தில் வைத்துப் போனில் படம் எடுத்துக்கொண்டு, காகிதங்களைத் தூக்கிப் போட்டுவிட்டார். இனிமேல் எந்தத் தண்ணீரும் ஒன்றும் செய்ய முடியாது என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. வீடு சுத்தமானதில் சந்தோஷம்கூடப் பட்டேன். எங்கள் கல்யாணத்துக்கு இருந்த ஒரே சாட்சி அன்றிலிருந்து அவர் சட்டைப் பையில் இருந்தது.

போன் வாங்கிய புதிதில் படங்கள் தாமாகவே இணையத்தில் ஏறிக்கொண்டிருந்தன. ஒருநாள் இடம் நிறைந்துவிட்டது, மேலும் வேண்டுமானால் மாதக் கட்டணம் என்று செய்தி வந்தது. அவர் கையிலிருந்து போனை வாங்கி அதை நிறுத்தியது நான். எங்கோ எவனோ ஒருவனுடைய கம்ப்யூட்டரில் என் வீட்டுப் படம் எதற்கு என்று கேட்டேன். கேள்வியில் தப்பில்லை, இப்போதும் கேட்பேன். அப்படியானால் வேறு எங்கே வைப்பது என்ற அடுத்த கேள்வியை நான் கேட்கவில்லை. சந்தேகப்படுவதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். ஏறியிருந்த கொஞ்சமும் ஏதோ ஒரு கணக்கில் இருந்தது. அதன் கடவுச்சொல் அவருக்கு மட்டுமே தெரியும்.

அவர் போன நாளை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். சிதம்பரம் ஆஸ்பத்திரியில் செருப்பு, வாட்ச், போன் மூன்றையும் ஒரு பாலித்தீன் பையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். போன் அணைந்திருந்தது. வீட்டில் சார்ஜ் போட்டதும் ஆறு எண்களைக் கேட்டது. அவர் எப்போதும் விரல் வைத்துத்தான் திறப்பார். எண்ணை நான் கேட்டதே இல்லை, அவரும் சொன்னதில்லை. இருபத்துமூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். உன் பிறந்தநாளைப் போட்டேன், என் பிறந்தநாளைப் போட்டேன், கல்யாண நாளைப் போட்டேன். இன்னும் இரண்டு முறைதான் என்றது. பயந்து வைத்துவிட்டேன்.

அதனால்தான் கூடத்தில் மாட்டியிருக்கும் படம் அப்படி இருக்கிறது. மறுநாளே மாலை போடப் படம் வேண்டும் என்றார்கள். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்த உன் பெரியப்பா, அடையாள அட்டையில் இருந்த சின்னப் படத்தை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனார். அவர்கள் முகத்தை மட்டும் பெரிதாக்கி, யாருடைய உடம்பிலோ ஒட்டி, கோட்டும் டையும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். "கோட்டு போட்டா எஞ்சினியர் கணக்கா இருக்கான் பாரு" என்றார் பெரியப்பா. நீ அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "எங்கப்பா கோட்டே போட்டதில்ல பெரியப்பா" என்று சொல்லி வெளியே போய்விட்டாய். வேறு படம் போடலாம் என்று எல்லோரும் சொன்னோம். வேறு படம் போனுக்குள் இருந்தது.

நாற்பது நாள் ஆன பிறகு நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தேன். இரண்டாம் நாளே என் போன் கீழே விழுந்து திரை போய்விட்டது. மாணவர் வருகையைக் காலை பத்து மணிக்குள் போனில் பதிய வேண்டும். உனக்குச் சொன்னால் சிரிப்பாய், அல்லது சிரிக்க மாட்டாய், காரணம் இவ்வளவுதான். அலமாரியில் ஒரு நல்ல போன் சும்மா இருந்தது. எடுத்துக்கொண்டு போனேன். பூட்டை எடுத்துவிடலாம், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்று கடைக்காரர் இரண்டு தடவை சொன்னார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. படமெல்லாம் கார்டில்தானே இருக்கும் என்று நான் அவருக்கே விளக்கினேன். கார்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். "வேணும்னா மொதல்ல வூட்ல போட்டுப் பாத்துட்டு வாங்க டீச்சர், கடை எங்கியும் போவாது" என்றார். வீடு அங்கிருந்து பத்து நிமிட நடை. பரவாயில்லை, செய்யுங்கள் என்றேன். பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

கார்டு அப்பாவின் பழைய போனிலிருந்து மாற்றிப் போட்டது. புதுப் போன் எல்லாவற்றையும் தனக்குள்ளேயே சேமித்துக்கொண்டிருக்கிறது, கார்டைத் தொடவே இல்லை என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். பழைய பாட்டுகள், காலை வணக்கப் படங்கள் நூற்றுக்கணக்கில், நீ பத்தாவது படித்தபோது எடுத்த அறுபது படங்கள். உனக்கு அனுப்பினேனே, அவைதான். அவற்றில் அவர் இரண்டில் இருக்கிறார். ஒன்றில் பாதித் தலை. படம் எடுக்கிறவன் படத்தில் இருப்பதில்லை.

அன்று மாலையே நீ கூப்பிட்டு, "அப்பா போன் பத்திரமா இருக்குதா?" என்று கேட்டாய். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. கடலூரில் எந்தப் பொருள் காணாமல் போனாலும் மழைமேல் பழி போடலாம், யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் கொண்டுபோன ஒரு ஆல்பம், ஒரு சான்றிதழ் இருக்கும். பின்கட்டில் ஒழுகி அலமாரி நனைந்துவிட்டது என்றேன். நீ "வுடும்மா, நீ என்ன பண்ணுவ" என்றாய். நான் ஏதோ செய்ததற்கு நீ என்னைத் தேற்றினாய். அந்த ஆறுதலையும் வாங்கிக்கொண்டேன். இரண்டு மாதம் அந்தப் போனில்தான் வருகைப் பதிவு போட்டேன். நீ வரும்போதெல்லாம் அது பள்ளிக்கூட ஆய்வக பீரோவில் இருந்தது.

அப்பாவோடு வேலை பார்த்த சேகரிடம் போய்க் கேட்டேன். அவர் நல்ல மனிதர். குழுவில் பின்னோக்கிப் போய், அப்பா அனுப்பியவற்றை எல்லாம் தேடி எனக்கு அனுப்பினார். பழையவை அவர் போனிலும் அழிந்திருந்தன, நாற்பத்தொன்றுதான் கிடைத்தது. நாற்பத்தொன்றும் அளவுகோல். "டீச்சர், இதுல ஒண்ணுல சாரோட நெழல் வுழுந்துருக்குது பாருங்க" என்றார். கலங்கலான தண்ணீரில் குடை பிடித்த ஒரு நிழல், மூன்றடி ஆறங்குலம். குழுவில் அனுப்பும்போது படம் சுருங்கிவிடுவதால் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. ஆனாலும் யோசித்துப் பார். அவருடைய படங்களில் மிஞ்சியது எது? வேறொருவர் கைக்குப் போனது மட்டும். அரசாங்கத்துக்குத் தேவைப்பட்ட தண்ணீர் அளவு மிஞ்சியது.

இதில் எனக்கு மன்னிப்பே இல்லாத ஒரு விஷயம் உண்டு. நான் தாவரவியல் படித்தவள். சிதம்பரத்தில் படித்தபோது பிச்சாவரம் சதுப்பில் முழங்கால் சேற்றில் நின்று செடி சேகரித்திருக்கிறேன். ஒரு செடியைப் பறித்தால் மூன்று கிளையாகப் பறிக்க வேண்டும். மூன்றையும் செய்தித்தாளில் அழுத்திக் காயவைத்து, மூன்று தாளில் ஒட்டி, மூன்றிலும் பெயர், இடம், தேதி, பறித்தவர் பெயர் எழுத வேண்டும். ஒன்று நம் துறையில், ஒன்று வேறு கல்லூரியில், ஒன்று வேறு மாநிலத்தில். நான் ஒட்டிய சுரபுன்னைத் தாளை எங்கள் துறையில் பூச்சி அரித்துவிட்டது. வெளியூருக்கு அனுப்பிய தாள் இன்னும் இருக்கிறது. இதை இருபத்தைந்து வருடமாகப் பதினோராம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு இலைக்குச் செய்ததை உன் அப்பாவுக்குச் செய்யவில்லை.

அதனால் நீயும் நித்யாவும் குடித்தனம் தொடங்கும்போது, பாத்திரம் பண்டத்தோடு இதையும் கேட்டுக்கொள். கல்யாணப் படங்களை ஸ்டுடியோக்காரர் பென் டிரைவில் கொடுப்பார். அதை வாங்கி பீரோவில் பூட்டிவிட்டுப் பத்திரமாக இருக்கிறது என்று நினைக்காதே. அது ஒரு தாள்தான். உன் கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் ஒன்று வை. இணையத்தில் வைப்பதும் வேறு ஊர்தான் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதை மட்டும் நம்பாதே. கட்டணம் கட்ட மறந்தால், கடவுச்சொல் மறந்தால் அதுவும் பூட்டிய கதவுதான். நகல் எடுத்ததும் பழையதை அழிக்காதே. புது இடத்தில் நாலு படத்தையாவது திறந்து பார், வீடியோவைக் கடைசிவரை ஓட்டிப் பார். வருடத்துக்கு ஒரு நாள், பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது, எல்லா டிஸ்கும் திறக்கிறதா என்று பார். ஹார்ட் டிஸ்குக்கும் வயசாகும். ஐந்தாறு வருடத்தில் மாற்றிவிடு. யார், எங்கே, எப்போது என்று எழுதி வை. பெயர் எழுதாத செடியை எந்தத் தொகுப்பும் வாங்காது. முக்கியமான இருபது முப்பது படங்களைக் காகிதத்தில் போட்டு, தரையிலிருந்து உயரமான தட்டில் வை. கடலூர்க்காரனுக்கு உயரமான தட்டு எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. உன் போனைத் திறக்கும் எண் நித்யாவுக்குத் தெரியட்டும், அவளுடையது உனக்குத் தெரியட்டும். ஒருவரை ஒருவர் நம்புகிறீர்களா என்பது வேறு விஷயம். இது சாவுக்கான ஏற்பாடு.

இவ்வளவும் செய்தால் போதுமா என்றால், தெரியாது. மூன்று தாளையும் மூன்று ஊரில் பூச்சி அரிக்கலாம். ஆனால் மூன்றும் ஒரே நாளில் போகாது. ஒன்று போவதற்கும் இன்னொன்று போவதற்கும் நடுவில் நமக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். அந்த நேரத்துக்காகத்தான் இத்தனை பாடும்.

ஏன் பரவாயில்லை என்றேன் என்பதற்குச் சில பதில்களை யோசித்திருக்கிறேன். களைப்பு என்றிருக்கிறேன். அவர் எந்நேரமும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு இருந்த எரிச்சல் என்றிருக்கிறேன். எனக்குத் தெரியாத ஏதாவது உள்ளே இருந்துவிடுமோ என்ற பயம் என்றும் ஒருமுறை நினைத்தேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை, அந்த நினைப்புக்காக வெட்கப்பட்டேன். ஒவ்வொன்றும் கொஞ்சம் பொருந்துகிறது, எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. யார் எந்தச் செய்தியை அனுப்பினாலும் ஆதாரம் கேட்கிறவள் நான். பத்து நிமிடம் நடந்துபோய் ஒரு கார்டைப் பார்த்துவிட்டு வரவில்லை.

சனிக்கிழமை மதியம் இதை எழுதி முடிக்கிறேன். பள்ளிக்கூட பீரோவிலிருந்து போனை நேற்றே எடுத்து வந்து சார்ஜ் போட்டுவிட்டேன். நாளை நீ வந்து குளித்ததும், படையலுக்கு முன்னால் இதை உன் கையில் கொடுக்க வேண்டும். பொய்யோடு உன் அப்பாவுக்குப் படைக்க எனக்கு மனமில்லை. கொடுப்பேனா என்பதை நாளைதான் பார்க்க வேண்டும்.

ஞாயிறு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். கடிதத்தை நான் கொடுக்கவில்லை. நீ உள்ளே வந்து பையை இறக்கியதுமே போனைக் கேட்டாய். எடுத்துக் கொடுத்தேன். பக்கவாட்டுப் பொத்தானை நீ சும்மா அழுத்திப் பார்த்தாய். திரை ஒளிர்ந்தது. நீ என்னைப் பார்த்தாய்.

"தண்ணில போவலப்பா. நான்தான் கடையில குடுத்து அழிச்சேன்."

"எப்ப?"

"நாப்பது நாள் கழிச்சி."

நீ நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாய். அப்பா தினமும் உனக்குக் குரல் செய்தி அனுப்பியது, நீ சொல்லும்வரை எனக்குத் தெரியாது. சாப்பிட்டாயா, மழை பெய்கிறதா என்று அரை நிமிடம். போன் மாற்றியபோது நீ அவற்றை எல்லாம் அழித்துவிட்டாயாம். "அவரு போன்லதான் இருக்குதேன்னு வுட்டுட்டன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னாய். என்னைத் திட்டவில்லை. "நீ என்ன பண்ணுவ" என்றும் இந்தமுறை சொல்லவில்லை.

பெரியப்பாவும் பெரியம்மாவும் பத்து மணிக்கு வந்தார்கள். புது வேட்டி வைத்து, இலை போட்டுப் படைத்தோம். பெரியவர்கள் காலில் விழுந்து எழுந்தாய். என் முன்னால் வந்ததும் நின்றுவிட்டாய். "என்னடா பாக்குற, அம்மா கால்ல வுழுடா" என்றார் பெரியப்பா. விழுந்தாய். நான் திருநீறு வைத்தேன். அவர்கள் ஒன்றும் கவனிக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு என் போனைக் கேட்டு வாங்கினாய். அப்பாவின் படங்களுக்காக நீ வாங்கி வந்திருந்த இரண்டு புது ஹார்ட் டிஸ்கையும் பிரித்து, என் போனில் இருந்ததை எல்லாம் இரண்டிலும் ஏற்றினாய். ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டாய். மற்றதை ஸ்டூல் போட்டு ஏறி மேல்தட்டில் வைத்தாய். பிறகு பூட்டு எண் என்ன என்று கேட்டாய். சொன்னேன். எழுதிக்கொண்டாய். அங்கேயே நின்று சிதம்பரத்தில் இருக்கும் நித்யாவுக்குப் போன் போட்டு, "நித்யா, அம்மா போனோட நம்பர் சொல்றேன், எழுதி வச்சிக்க. ஆமா, தொறக்குற நம்பர். ஒனக்கும் தெரியணும்" என்று சொல்லி ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகப் படித்தாய். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

நாலரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாய். அப்பாவின் போனை மேசையிலேயே விட்டுப் போனாய். நீ சென்னை போய்ச் சேர்ந்துவிட்டதாக நித்யாதான் எனக்குச் செய்தி அனுப்பினாள்.